பொசோலே: கொள்வதும் தள்ளுவதும்

அயல்நாட்டு உணவொன்றை நம் வீட்டு அடுப்பில் ஏற்றும்போது எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது? சமையற்குறிப்புகள் பெரும்பாலும் இவ்வினாவை எழுப்புவதில்லை. கிடைக்காத பொருளுக்கு ஒரு மாற்றைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகின்றன. மெக்சிகோ நாட்டின் பொசோலே என்னும் சூப்புக்கு எழுதப்படும் குறிப்புகள் சிலவற்றில் இனிப்புச் சோளத்தை இட்டுக் கொதிக்க வைத்தால் போதும் என்றிருக்கக் காண்கிறோம். அக்குறிப்புகளில் விடுபட்டது ஒரே ஒரு பொருள்தான், அது சுண்ணாம்பு. அதை விட்டபின் மிஞ்சுவது பொசோலே அன்று என்பதே நம் கருத்து.

பொசோலே என்பது மக்காச்சோள மணிகளையும் இறைச்சியையும் நெடுநேரம் வேகவைத்துச் செய்வது. ஹலிஸ்கோவில் சிவப்பு மிளகாய் விழுதோடு செந்நிறமாகவும், கெரெரோவில் வெண்மையாகவும், பூசணி விதை அரைத்துப் பச்சையாகவும் ஆக்குவர். கெரெரோவில் வியாழக்கிழமை பொசோலே நாள். செப்டம்பர் 15ஆம் நாள் இரவு, நாட்டின் விடுதலைத் திருநாளையொட்டிப் பல இல்லங்களில் இதன் பெரும்பானை அடுப்பேறும்.

வீட்டில் செய்யும் முறை கடினமானதன்று, பொறுமையைக் கேட்பது. ககவாசிந்த்லே என்னும் பெருமணி வெள்ளைச் சோளம் சிறந்தது. உலர்ந்த மணிகள் அரைக் கிலோ எடுத்துக்கொண்டால், அதன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 5 கிராம் நீற்றிய சுண்ணாம்பை இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, மணிகளை அதிலிட்டு மெல்லிய தீயில் வேகவிட வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பு அதை அரித்துவிடும். அரைமணி நேரம் முதல் ஒருமணி நேரத்துக்குள் மணியின் தோல் மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும். இறக்கி ஆறவிட்டு, நீரை மாற்றி மாற்றித் தோல் நீங்கும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் ஒவ்வொரு மணியின் அடிமுனையிலும் உள்ள கடினமான நுனியைக் கிள்ளி எறிய வேண்டும். அது நீங்கினால்தான் வேகும்போது மணி மலர்போல் விரியும்.

இனி வழக்கமான சமையல். எலும்போடு கூடிய பன்றியிறைச்சி ஒரு கிலோ, ஒரு வெங்காயம், பூண்டு ஆகியவற்றோடு மணிகளைச் சேர்த்து, நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் வேகவிடலாம். மணி விரிந்தபின் உப்பிடுவது மரபு. செந்நிறம் வேண்டுவோர் குவாஹீயோ, ஆன்சோ மிளகாய் வற்றல்களை விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டோடு அரைத்து வடிகட்டி ஊற்றுவர். உண்ணும்போது முள்ளங்கி, நறுக்கிய முட்டைக்கோசு, பச்சை வெங்காயம், உலர்ந்த ஒரேகனோ, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை அவரவர் விருப்பம்போல் மேலே இட்டுக்கொள்வர்.

இப்பட்டியலில் பெரும்பாலானவை மாறத்தக்கவை. கோழியிறைச்சி இட்டும் செய்கின்றனர். இறைச்சியே இன்றியும் செய்கின்றனர். வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றமே நிகழ்ந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தே சகாகுன் என்னும் துறவி தொகுத்த பெருநூலில், பலியிடப்பட்ட போர்க்கைதியின் ஊனைச் சோளத்தோடு வேகவைத்து உண்ட சடங்கு பதிவாகியுள்ளது. அதைப் பொசோலேயின் முன்னோடியாகக் கருதுவோர் பலர்; வென்றவர் தரப்புப் பதிவு என்பதால் ஐயுறுவோரும் உளர். எவ்வாறாயினும், ஸ்பானியர் கொணர்ந்த பன்றி அப்பானையில் இடம்பெற்றது. ஊன் மாறியது, சுண்ணாம்பு மாறவில்லை.

சுண்ணாம்பிட்டு வேகவைத்த சோளத்துக்கு நிஷ்தமல் என்று பெயர். சுண்ணச்சாம்பலைக் குறிக்கும் நாவட் மொழிச் சொல் அப்பெயருக்குள் இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இவ்வழக்கத்தின் பயன் தோலுரிவது மட்டுமன்று. சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து, உடல் ஏற்கவியலாதபடி கட்டுண்டு கிடப்பது. சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்க்கிறது. கூடவே சுண்ணச்சத்தையும் சேர்க்கிறது.

கடல்கடந்து ஐரோப்பா சென்றபோது சோளத்தின் விதை சென்றது, சுண்ணாம்பு செல்லவில்லை. விளைவு கொடியது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் ஏழை உழவரிடம் தோல் வெடித்துச் சிவக்கும் நோயொன்றை காஸ்பர் காசால் என்னும் மருத்துவர் கண்டு எழுதினார். இத்தாலியில் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் அதற்கு இரையாயினர். அது தொற்றுநோய் அன்று, வறியோர் உணவின் குறையே என்று 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவிவந்தார். குறைந்த சத்து நியாசின் என்பது 1937இல்தான் தெளிவாயிற்று. வறுமையும் பயறும் இறைச்சியும் இன்மையும் அந்நோய்க்குக் காரணங்களே. ஆயினும், சோளத்தையே நாள்தோறும் உண்ட மெக்சிகோவின் உழவரை அந்நோயிலிருந்து பெரிதும் காத்தவை சுண்ணாம்பும் உடனுண்ட அவரையுமே.

காரணம் சொல்லத் தெரியாத செயல் காரணமற்ற செயல் ஆகிவிடாது. அம்மிக்கு நிகரான மெத்தாத்தேயின் முன் மண்டியிட்டு நிஷ்தமல் அரைத்த பெண்களிடம் வேதியியல் விளக்கம் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பர்? "எங்கள் அம்மா இப்படித்தான் செய்தாள்" என்றிருப்பர். அவ்விடையை அறியாமை என்று ஒதுக்கியோர் செலுத்திய விலை பெரிது. அதற்காக மரபில் உள்ள அனைத்தும் அறிவே என்று வாதிடவும் நாம் முன்வரவில்லை. சகாகுனின் பதிவு மெய்யெனில், நரபலியும் சுண்ணாம்பும் ஒரே பானையில்தான் இருந்தன. ஒன்றைத் தள்ளியதும் சரி, மற்றொன்றைக் கொண்டதும் சரி. மரபைப் போற்றுவோரும் பழிப்போரும் பானையை முழுதாகவே எடுக்கின்றனர், அல்லது முழுதாகவே கவிழ்க்கின்றனர். பொசோலே கற்பிப்பது அதனினும் கடினமான வேலை.

இவ்வளவு உழைப்புக்கு இன்று யாருக்கு நேரம் என்று கேட்பது முறையே. மணிமணியாய் நுனி கிள்ளும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. மெக்சிகோ இல்லத்தரசியர் பலர் சுண்ணாம்பிட்டு நுனி நீக்கிய சோளத்தைக் கடையில் வாங்குகின்றனர். தகரக் குப்பியில் வெந்த சோளமும் கிடைக்கிறது. அவற்றில் நமக்கு மறுப்பில்லை. சுண்ணாம்பு வேலையை ஆலை செய்தால் என்ன, அடுப்பு செய்தால் என்ன? உழைப்பைக் குறைப்பது வேறு, அறிவைக் கைவிடுவது வேறு.

தமிழ் வாசகர் சுண்ணாம்பைக் கண்டு மிரளத் தேவையில்லை. வெற்றிலையில் நம்மவர் தடவும் சுண்ணாம்பும் வேதியியலில் இதே பொருள்தான். சுவருக்கு அடிப்பதைத் தொடாமல், உண்பதற்கென விற்கும் தூய சுண்ணாம்பை வாங்குக. மிளகாயை மாற்றலாம், இறைச்சியை விடலாம், முட்டைக்கோசுக்குப் பதில் வேறு கீரை இடலாம். சோளத்தை மட்டும் அதன் சுண்ணாம்போடு அழைத்து வருக.