மணிமங்கலத்து முதுகுகள்

மணிமங்கலத்துக்கும் முதுகுக்கும் ராசி பழசு. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் இந்த ஊர் உள்பட சில களங்களில் இரண்டாம் புலிகேசியைப் புறமுதுகிட வைத்து, அந்த முதுகையே செப்பேடாக்கி ‘விஜயம்’ என்று எழுதினானாம். கூரம் செப்பேடு சொல்கிறது. எப்பேர்ப்பட்ட மசாஜ்!

இன்றைக்கு அங்கே நான் கவலைப்படும் முதுகு என் அக்கா பையனுடையது. ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முழுக்க நின்றபடி ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வந்து குப்புற விழுவான். அக்கா தைலத்தோடு வருவாள். போன ஞாயிறு விழவில்லை. கையில் ஒரு நோட்டீஸ்.

“மாமா, முப்பதே நாள்ல சீன மசாஜ் நிபுணர். சர்ட்டிபிகேட் தர்றாங்க. சிங்கப்பூர் வேலையாம். 40,000 ரூபாதான்.”

அந்த ‘தான்’ அக்காவின் இரண்டு வளையல்.

“பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை மசாஜ் பண்றார்னா சொல்லுவே?” என்று சிரித்தேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. சீனாவில் அது வைத்தியம். பெயர் துய்னா: தள்ளு, பிடி. 1950-களிலிருந்து பார்வையற்றவர்களுக்கு அரசாங்கமே பயிற்சி கொடுத்துப் பிழைப்புக்கு வழி செய்த தொழில்.

ஆனால் அங்கே முப்பது நாளில் மனுஷ முதுகை நம்பித் தருவார்களா என்பதே சந்தேகம். முதலில் அரிசி மூட்டை! சின்னப் பையில் அரிசியோ மணலோ கட்டி, புறங்கையை அதன்மேல் உருட்ட வேண்டும். நிமிஷத்துக்கு 120 தடவைக்கு மேல், ஒரே தாளத்தில்.

“எங்க லைன்லகூட அவ்வளவு ஸ்பீடு கிடையாது மாமா!”

அக்குபங்சரும் துய்னாவும் சேர்ந்த பட்டப்படிப்பு அங்கே ஐந்து வருஷம். எங்கே அழுத்தலாம் என்பதைவிட எங்கே அழுத்தக் கூடாது என்பதில்தான் காலம் போகும். எலும்பு தேய்ந்த பாட்டியின் கழுத்தை முப்பது நாள் நிபுணர் திருகினால் என்ன ஆகும்? 1938-ல் கோட்னிஸோடு சீனாவுக்குப் போன கல்கத்தா டாக்டர் பாசு, பிற்பாடு மறுபடி அங்கே போய் அக்குபங்சர் கற்றுவந்தார். அவர் ஏற்கெனவே டாக்டர், ஸார்!

“சர்ட்டிபிகேட்ல கவர்மென்ட் முத்திரை இருக்கு மாமா.”

பார்த்தேன். சங்கம் பதிவான நம்பர். மன்றம், மாதர் சங்கம் எல்லாவற்றுக்கும் உண்டு. அக்குபங்சருக்கு மேற்கு வங்காளம் 1996-லும் மகாராஷ்டிரம் 2015-லும் தனிச் சட்டம் போட்டன. மத்திய அரசு 2019-ல் தனி மருத்துவ முறையாக ஏற்றது. இந்த நோட்டீஸுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. பிசியோதெரபி நல்ல படிப்பு, ஆனால் நாலு வருஷத்துக்கு மேல். பிளஸ் டூ-வில் பயாலஜி வேண்டும். பையன் ஐ.டி.ஐ.

“அப்ப எனக்கு வழியே இல்லையா?”

சட்டென்று பதில் வரவில்லை. “முதல்ல உன் முதுகைக் காட்டு. தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. நம்ம சித்தத்திலேயே தொக்கணம்னு ஒன்பது வகை உண்டு. கேட்டுப் பாரு. கை வசப்படுதான்னு வீட்டுலயே அரிசியில உருட்டிப் பாரு. ஆறு மாசம் சலிக்கலேன்னா பேசலாம்.”

வளையல் பீரோவுக்குப் போயிற்று.

புதன்கிழமை அக்கா போன். “ஏண்டா தம்பி, என்ன சொல்லிக் குடுத்தே? ராத்திரி ஷிஃப்ட் விட்டு வந்து விடிய விடிய உருட்டறான். பொன்னி அரிசி அஞ்சு கிலோவும் நொய்யாப் போச்சு. உங்க வீட்டுக்கு அனுப்பறேன், கஞ்சி வெச்சுக் குடி!”