காது கொடுத்த ஒரே ஆள்

பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் மூன்று இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை வரிசையாகப் போட்டு, பக்கத்தில் உட்கார வைத்துவிட்டான். 1977இல் முதல் படம் வந்தபோது நான் இளைஞன். கறுப்புக் கவசமும் முகமூடியுமாக, மூச்சு இரைய நடந்துவரும் டார்த் வேடரைப் பார்த்து, ‘இவனல்லவா வில்லன்’ என்று ரசித்ததோடு சரி. அவன் எப்படி வில்லன் ஆனான் என்பதை 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களாகச் சொன்னார் ஜார்ஜ் லூக்காஸ். அவற்றை இப்போதுதான் பார்த்தேன்.

மூன்றாவது இரவு படம் முடிந்ததும் பேரன் சொன்னான். “தாத்தா, அவன் சொன்னத நல்லவங்க யாருமே கேக்கல. கேட்ட ஒரே ஆளு கெட்டவனா இருந்துட்டான்.”

பதின்மூன்று வயதுப் பையன். எனக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டு இடைநிலைப்பள்ளி ஆசிரியர் நான். அதில் பாதிக்கு மேல் கட்டொழுங்கு ஆசிரியர்.

படம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. டார்த் வேடரின் இயற்பெயர் அனகின். ஒன்பது வயதில், பாலைவனக் கோள் ஒன்றில் தாயோடு அடிமையாக இருக்கிறான். ஜெடாய் என்போர் ஒளிவாள் ஏந்திய துறவிப் படை மாதிரி. பற்று கூடாது, குடும்பம் கூடாது. அவர்களில் ஒருவரான குவாய்-கான் ஜின், பையனின் திறமையைக் கண்டு, பந்தயம் கட்டி அவனை மீட்கிறார். தாயை மீட்க முடியவில்லை. மகன் கிளம்புகிறான், தாய் அங்கேயே நிற்கிறாள். ஒரு குடியரசையே காக்கும் வீரர்களுக்கு, பிறகாவது ஓர் அடிமைப் பெண்ணை விலை கொடுத்து மீட்க வழியில்லையா என்று பேரனிடம் கேட்டேன். “அப்படிக் கேட்டா கதையே இல்ல தாத்தா” என்றான்.

ஜெடாய் மன்றத்தின் முன் பையனை நிறுத்துகிறார்கள். இவனிடம் பயம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார் யோடா. தாயைப் பிரிந்து வந்த ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வேறென்ன இருக்கும்? பயத்தைக் கண்டுபிடித்தார்களே தவிர, அதைப் போக்க யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவனை நம்பி அழைத்து வந்த குவாய்-கான் சில நாள்களிலேயே கொல்லப்படுகிறார். சாகும்போது கேட்ட வாக்குக்காகச் சீடன் ஓபி-வான் பையனை ஏற்றுக்கொள்கிறான். அவனே அப்போதுதான் சீடப் பருவத்தை முடித்தவன். அப்பா போனபின் தம்பியை வளர்க்கும் அண்ணனைப் போல, கண்டிப்பு பாதி, கேலி பாதியாக வளர்க்கிறான். பாசம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லை.

இன்னொரு ஆளும் தொடக்கத்திலிருந்தே அவனைக் கவனித்து வருகிறார். பால்பட்டீன், பின்னாளில் குடியரசின் தலைவர். பார்க்கும்போதெல்லாம் பாராட்டுவார், அவசரப்படாமல் கேட்பார்.

தாய் துன்பப்படுவதுபோல் அனகினுக்குக் கனவுகள் வருகின்றன. கனவுதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்கிறான் ஓபி-வான். கடைசியில் அவனே தேடிப் போகும்போது, தாய் அவன் மடியில் உயிரை விடுகிறாள். ஆத்திரத்தில் அந்தக் கூட்டத்தையே, பெண்கள் குழந்தைகள் உட்பட, வெட்டிச் சாய்க்கிறான். இந்தக் கொடுமையைப் பத்மேயிடம் அழுது சொல்கிறான். பிறகு பால்பட்டீனிடமும் சொல்லியிருக்கிறான் என்பது மூன்றாவது படத்தில் ஒரே வரியில் வந்து போகிறது. பலர் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியம். தான் செய்த மிகப் பெரிய பாவத்தைச் சொந்தக் குருவிடம் சொல்ல முடியவில்லை, அவரிடம் சொல்ல முடிந்தது.

(இந்தப் படங்களில் காதல் வசனங்கள் சகிக்காது. அந்த இடங்களில் நான் தேநீர் கலக்கப் போய்விட்டேன்.)

பத்மேயை ரகசியமாக மணக்கிறான். அவள் கருவுற்றிருக்கும்போது, பிரசவத்தில் இறப்பதுபோல் மறுபடி கனவு. முதல் கனவு பலித்ததைக் கண்டவன் ஆயிற்றே! யோடாவிடம் ஓடுகிறான். யாருக்கு ஆபத்து என்று சொல்ல முடியாத நிலை. யோடா பற்றை விடச் சொல்கிறார், இழக்கப் பயப்படுவதை விட்டுவிடப் பழகு என்கிறார். தத்துவத்தில் பிழையே இல்லை. ஆனால், யார் அந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை. அதே சமயம் மன்றம் அவனுக்கு இடம் தருகிறது, ஆசான் பட்டத்தைத் தர மறுக்கிறது. போதாததற்கு, பால்பட்டீனை உளவு பார்க்கவும் சொல்கிறது. அந்தப் பால்பட்டீனோ அவனை அரங்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, அன்புக்குரியவர்களைச் சாவிலிருந்து காக்கும் சக்தி ஒன்று உண்டு என்று கதை சொல்கிறார். மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். பத்மேயைக் காப்பாற்றக் கிளம்பியவன் கோயிலில் இருந்த சின்னஞ்சிறு மாணவர்களைக் கொல்கிறான். கடைசியில் அவள் கழுத்தையே நெரிக்கிறான். இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு அவள் இறந்துபோகிறாள்.

எரிமலைக் கரையில் நடக்கும் சண்டையில், அவனுடைய கைகாலை வெட்டிய பிறகு ஓபி-வான் அழுகிறான். நீ என் தம்பி, உன்மேல் எவ்வளவு அன்பு வைத்திருந்தேன் என்கிறான். அந்த இடத்தில் நான் பேரனைப் பார்க்கவில்லை.

என்னிடம் நான்காம் படிவத்தில் ஒரு பையன் இருந்தான். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு அவன்தான் கூட்டிப் போவான். பள்ளிக்குத் தாமதமாக வருவான். ஒருநாள் ஆசிரியர் அறை வாசலில் நின்று கேட்டான். “சார், எங்கம்மா பொழைச்சுக்குவாங்களா?”

“அது கடவுள் கையில. நீ படிக்கிற வேலையப் பாரு. இந்த மாசம் ஆறு நாள் லேட்டு” என்றேன். எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தேன். விதிப்படி சரிதான்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழே ஒருவர் இருந்தார். பையன்கள் ‘அண்ணன்’ என்பார்கள். அவர் அம்மாவைப் பற்றி விசாரித்தாராம். மருத்துவமனைக்கு டாக்சிக் காசு கொடுத்தாராம். ஒரு மாதம் கழித்து, ஒரு சின்னப் பொட்டலத்தை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாராம். இதெல்லாம் பிறகு நீதிமன்ற வாசலில் அவன் அம்மா சொல்லித் தெரிந்தது. அங்குதான், “நீ நல்ல பையன்டா” என்று முதல் தடவையாக அவனிடம் சொன்னேன். அதற்குள் கையில் விலங்கு.

மறுநாள் இரவு 1983 படத்தைப் போட்டான் பேரன். யோடாவும் ஓபி-வானும் வேடரை எதிர்த்து நிற்கச் சொல்லி அனுப்புகிறார்கள். மகன் லூக் மட்டும் அப்பாவிடம் நல்லது மிச்சம் இருக்கிறது என்று பிடிவாதமாக நம்பி, கையிலிருந்த வாளை வீசி எறிகிறான். மகனைப் பேரரசர் வதைப்பதைப் பார்த்து நின்ற வேடர், கடைசியில் அந்தக் குருவைத் தூக்கி எறிகிறான்.

என் மாணவனை மூன்று ஆண்டுக்கு முன் இரவுச் சந்தையில் பார்த்தேன். நாற்பது தாண்டிவிட்டது. பழக்கடை வைத்திருக்கிறான். “சார், நல்லா இருக்கீங்களா?” என்று கொய்யாவைப் பையில் போட்டுக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். உன் அம்மா எப்போது தவறினார்கள் என்று கேட்டேன்.

“நான் உள்ள இருக்கும்போது, சார்” என்றான். கடையில் கூட்டம் வந்துவிட்டது. ஓரமாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கூட்டம் குறையும்வரை உட்கார்ந்திருந்தேன்.