மறுக்கத் தெரியாத மருத்துவம்

கேரளத்தில் கர்க்கடக மாதம் எண்ணெய்ச் சிகிச்சைக்கு உகந்த காலம். சென்ற கர்க்கடகத்தில் கோவளம் சென்றிருந்தபோது ஒரு பலகையைக் கண்டேன். உழிச்சில், பிழிச்சில், சிரோதாரா என்று வரிசையாக எழுதி, எதிரே நிமிடமும் விலையும் குறித்திருந்தார்கள். அடியில் தீரும் நோய்களின் பட்டியல்: மூட்டுவலி, சர்க்கரை, பக்கவாதம். உள்ளே நுழைந்தவரிடம் நோய் பற்றி ஒரு வினாவும் இல்லை. ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா என்பதே அங்கே நாடி பார்த்தல்.

இதற்கு ஆயுர்வேதம் என்று பெயர்! வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தைப் புரட்டியவர் எவரும் இதனை ஒப்பமாட்டார். எண்ணெய் தேய்த்தலை அன்றாட ஒழுக்கமாக விதிக்கும் அந்நூல், களைப்பு நீங்கும், வாதம் தணியும், உறக்கம் வரும் எனப் பயன் கூறுகிறது. அதனை அடுத்தே, கபம் மிகுந்தவர், செரியாமை உள்ளவர், வாந்தி பேதி முதலிய சுத்தி முறைகளை அப்போதுதான் முடித்தவர் ஆகியோருக்கு ஆகாது என விலக்குகிறது. நாம் விதியை விற்கிறோம், விலக்கை மறைக்கிறோம்.

பஞ்சகர்மத்தின் கதியும் இதுவே. எண்ணெயிடுதலும் வியர்ப்பித்தலும் அதற்கான முன்தயாரிப்புகள் மட்டுமே. வமனம், விரேசனம், வஸ்தி முதலியவை பின்னர் வருபவை. பாயிரத்தை அச்சிட்டு நூலென்று விற்பதற்கு ஒப்பானது இவ்வாணிபம்.

"உடம்புக்குச் சுகமாக இருக்கிறதே, கெடுதல் என்ன?" என்பார்கள். சுகத்தை நான் மறுக்கவில்லை. இறுகிய தசை தளர்கிறது. வலி சில நாள் தணிகிறது. குறுந்தோட்டிக் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்த நவர அரிசியைத் துணியில் முடிந்து ஒற்றும் கிழியின் இதம் அனுபவித்தவர்க்கே தெரியும். ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு அந்தச் சூடு உறைக்காது; கொப்புளம் புண்ணாகும். காலின் ஆழ்சிரையில் குருதி உறைந்திருப்பவரை அழுத்தித் தேய்த்தால், கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். பலகையை நம்பி மாத்திரையை நிறுத்துபவரின் நிலையோ இன்னும் கொடிது. சர்க்கரையையும் பக்கவாதத்தையும் மருந்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பலகைகள் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இவ்வாறு எழுதினால் மரபின் பகைவன் என்பார்கள். மரபு எவரையும் வாசலில் நிறுத்தி, "உமக்கு இது வேண்டாம்" என்று சொல்லத் தயங்கியதில்லை. அவ்வாறு சொல்லும் வைத்தியரைத் தேடிச் செல்லுங்கள். வருபவர் அனைவரையும் எண்ணெய்த் தோணியில் கிடத்துபவர் வைத்தியரல்லர், வணிகர்.