மறைக்க என்ன இருக்கிறது?

முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 2025 டிசம்பர் மாதத்து முதல் வாரம். புதிதாக விற்கும் ஒவ்வொரு செல்போனிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற சர்க்கார் செயலி முன்கூட்டியே இருந்தாக வேண்டும் என்று டில்லியில் ஓர் உத்தரவு பிறந்து, நாட்டில் கூச்சல் எழுந்ததும் அவசரமாக வாபஸ் பெறப்பட்ட சமயம். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர், முந்திரி வியாபாரி, என் பக்கம் திரும்பினார்.

"இதுக்குப் போயி இவ்ளோ சத்தமா, தம்பி? தப்பு பண்றவன் பயப்படட்டும். எங்கிட்ட மறைக்க என்னா இருக்கு?"

சொல்லி முடிக்கவில்லை, அவருடைய போன் மணியடித்தது. எழுந்தார். இருபது தப்படி நடந்து புளியமரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். பண்ருட்டியிலிருந்து கொட்டைக்கு விலை கேட்டார்களாம். திரும்பி வந்தவரிடம், "என்ன விலை சொன்னீங்க, ஐயா?" என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை.

அவர் செய்தது குற்றமா? இல்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஊருக்குத் தண்டோரா போட்டுவிட்டா போகிறார்கள்? வைத்தியரிடம் போகிறவன் வியாதியைத் திண்ணையில் சொல்லிவிட்டா போகிறான்? அந்தரங்கம் வேறு, அயோக்கியத்தனம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய மகானுபாவன் எவனோ, அவன்தான் 'மறைக்க என்ன இருக்கிறது' என்ற வசனத்தை நம் வாயில் திணித்தவன்.

படித்தவர்கள் இன்னொரு தைரியம் சொல்கிறார்கள்: "நான் லொகேஷனை அணைத்து வைத்திருக்கிறேன்." அணைத்து என்ன பிரயோஜனம்? செல்போன் என்பது, நீங்கள் பேசாமல் இருக்கும்போதும், அருகிலுள்ள டவரிடம் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டே இருக்கும் யந்திரம். அப்படித் தெரிவிக்காவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்பை எந்த டவர் வழியாக அனுப்புவது என்று கம்பெனிக்குத் தெரியாது. சிம்மை மாற்றினால் தப்பலாமா? கருவிக்கென்றே தனியாக ஓர் எண் உண்டு. ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்திப் பாருங்கள், அது திரையில் வந்து நிற்கும். எந்தச் சிம்மைப் போட்டாலும் அந்த எண் டவருக்குப் போகிறது. யார் யாரை எப்போது அழைத்தார் என்ற பதிவுகளைக் கம்பெனிகள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது.

செய்யக்கூடியவை சில உண்டு, செய்யுங்கள். பழைய 2ஜி முறையில் போன் தன்னை டவருக்கு நிரூபிக்கும். டவர் தன்னைப் போனுக்கு நிரூபிக்காது. அதனால்தான் பொய்யான டவர் ஒன்றை நிறுத்தி ஏமாற்ற முடிகிறது. புதிய போன்கள் பலவற்றில் 2ஜியை அணைக்க வழி இருக்கிறது, அணைத்துவிடுங்கள். பேச்சைப் பூட்டி அனுப்பும் செயலிகள் பேச்சைக் காக்கும். நீங்கள் நிற்கும் இடத்தைக் காக்காது. இடம் தெரியக்கூடாதென்றால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் நிச்சயமான வழி. ஆனால் சுதந்திர நாட்டின் பிரஜைக்கு இதுதானா கதி?

"போலீஸ் எப்படித் திருடனைப் பிடிக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிடிக்கட்டும், ஆனால் யாருடைய அனுமதியோடு? 1885-ல் வெள்ளைக்காரன் எழுதிய தந்திச் சட்டம் போய், 2023-ல் நாமே எழுதிய சட்டம் வந்திருக்கிறது. இதிலும் பேச்சைக் கேட்க உத்தரவிடுகிறவர் உள்துறைச் செயலாளர். அதைப் பரிசீலிக்கும் குழுவிலும் செயலாளர்களே. நடுவில் ஒரு நீதிபதி கிடையாது. கேட்கப்பட்டவனுக்கு, எல்லாம் முடிந்த பிறகும், தகவல் கிடையாது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று தீர்ப்புச் சொல்ல மாமியாரையே உட்கார வைத்த கதை!

கற்பனையில் பேசவில்லை. 2011-ல் சென்னைக் கம்பெனி நிர்வாகி ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை உத்தரவிட்டது. அந்த உத்தரவு செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். பொது அவசர நிலையோ பொதுமக்கள் பாதுகாப்போ காரணமாக இல்லாமல், குற்றத்தைத் துப்பறிய மட்டும் ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார் நீதிபதி. கேட்டதைப் பரிசீலனைக் குழுவின் முன் வைக்கவும் இல்லை என்பது வெளிப்பட்டது. நியாயம் கிடைத்தது, 14 ஆண்டுகளுக்குப் பிறகு. வக்கீல் வைக்க வசதியுள்ளவருக்கே இத்தனை காலம் என்றால், மற்றவனுக்கு?

பாரதியார் புதுச்சேரியில் இருந்த பத்தாண்டுகளும் ஆங்கிலேய ஒற்றர்கள் அவரைச் சுற்றி வந்தார்கள். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பிடித்து, எங்கள் கடலூர்ச் சிறையில்தான் அடைத்தார்கள். ஆனால் அந்த ஏகாதிபத்தியம் ஒவ்வொரு ஒற்றனுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. அதனாலேயே எல்லோர் பின்னாலும் ஆள் அனுப்ப அதற்குக் கட்டுப்படியாகவில்லை. இன்று ஒற்றனை நாமே விலை கொடுத்து வாங்கி, சட்டைப் பையில் வைத்து, மாதாமாதம் ரீசார்ஜும் செய்கிறோம்.

2023 ஜூலையில், இங்கிருந்து அதிக தூரமில்லாத வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காக விளைந்து நின்ற நெல்வயலில் யந்திரங்கள் இறங்கின. வயிறெரிந்து ஜனங்கள் வரப்பில் நின்றார்கள். அன்று அங்கே நின்றவர்களின் பட்டியலை யாரோ எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எடுக்க முடியும் என்கிறேன். ஒரு டவரின் கீழ் ஒரு மணி நேரத்தில் இருந்த எல்லா எண்களையும் மொத்தமாக வாங்குவது போலீஸ் விசாரணையில் சாதாரண வழக்கம். அது தெரிந்துவிட்டால் அடுத்த முறை வரப்புக்கு எத்தனை பேர் வருவார்கள்? பயந்தவன் வீட்டிலேயே இருந்துவிடுவான். அவனைக் கைது செய்யவேண்டிய அவசியம்கூட இராது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த உரிமை காகிதத்தோடு நிற்காமல் இருக்க நாம் கேட்கவேண்டியவை இரண்டு. ஒட்டுக்கேட்பதற்கும் டவர்க் கணக்கை வாங்குவதற்கும் நீதிபதியின் கையெழுத்து வேண்டும். காரியம் முடிந்தபின், உங்களைக் கவனித்தோம் என்று உரியவனுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒரு செயலியைச் சில தினங்களில் வாபஸ் வாங்க வைத்த ஜனங்களுக்கு இதைக் கேட்கும் தெம்பு இல்லாமலா போய்விட்டது?

டீக்கடைப் பெரியவருக்கு எதிரே இருபது தப்படியில் ஒரு புளியமரம் இருந்தது. அவர் எழுந்து போனார். நாங்களும் காதைத் திருப்பிக்கொண்டோம். அந்த மரியாதையைத்தான் சர்க்காரிடமும் கேட்கிறேன்.