டெஸ்ட்டில் முதலில் தெரிந்தால், பழியும் அவளுக்கா?

கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஹெச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகியவையும் அடக்கம். அதில் ஒன்று 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டால், பல வீடுகளில் எழும் முதல் கேள்வி 'என்ன சிகிச்சை?' என்பதல்ல. 'உனக்கு இது எங்கிருந்து வந்துச்சு?' என்பதுதான்.

பால்வினைத் தொற்றோடு வாழும் பெண்களின் மனப்பாரம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஏன் பெண்ணுக்கே முதலில் தெரிகிறது?

கர்ப்பகாலத்தில் பெண்ணுக்கு வழக்கமாகவே டெஸ்ட் எடுக்கிறார்கள். ஆணுக்கு அப்படி ஒரு கட்டம் வருவதே இல்லை. யாருக்கு முதலில் தெரிந்தது என்பது வேறு, யாருக்கு முதலில் தொற்றியது என்பது வேறு. ஹெர்பீஸ், ஹெச்பிவி போன்றவை அறிகுறியே இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் இருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை ஒரு ரிப்போர்ட் சொல்லிவிடாது. ஆனால், வீட்டில் அதற்குள் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள்.

மனசு உடைந்தால் உடலுக்கு என்ன?

தூக்கம் போகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. செய்யாத தப்புக்குக் குற்றவுணர்வு. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் கிளினிக் போவது தள்ளிப்போகிறது, மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் சிகிச்சையே நின்றுபோகலாம். அதனால், மனநலத்தை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒதுக்க முடியாது. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இது குணமாகுமா?

சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ட்ரைகோமோனியாசிஸ் நான்கையும் மருந்தால் குணப்படுத்தலாம். உலகில் தினமும் 10 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இவை புதிதாகத் தொற்றுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹெச்ஐவிக்கு அரசு மையங்களில் ஏஆர்டி மருந்து இலவசம். அதைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. ஆனால், மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டால் போதாது. துணைக்கும் சிகிச்சை தராவிட்டால், குணமான தொற்று திரும்ப வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவரின் ஹெச்ஐவி நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. கணவரிடம் மருத்துவர் தெரிவிப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. சொன்னால் பெண் தாக்கப்படலாம், கைவிடப்படலாம் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக் கூடாது. ஆனால், இது ஹெச்ஐவிக்கு மட்டுமான சட்டம். சிபிலிஸோ ஹெர்பீஸோ உள்ள பெண்ணுக்கு இப்படித் தனிச் சட்டம் இல்லை.

என்ன மாற வேண்டும்?

அரசின் நம்பிக்கை மையங்களில் ஹெச்ஐவி பரிசோதனையோடு ஆலோசனையும் கிடைக்கிறது. எல்லாப் பால்வினைத் தொற்றுக்கும் அந்த வசதி வேண்டும். 'தூங்குறீங்களா? வீட்ல பாதுகாப்பா இருக்கீங்களா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்க இரண்டு நிமிடம் போதும். கர்ப்பகால டெஸ்ட்டுக்கு மனைவியோடு கணவரும் கை நீட்டுவது வழக்கமாக வேண்டும். இருவருக்கும் ஒரே நாளில் டெஸ்ட் எடுத்தால், 'முதலில் தெரிந்தவள்' என்ற பழிக்கே இடமிருக்காது.

உங்களுக்கோ தோழிக்கோ இந்தப் பாரம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தோழி உங்களிடம் மனம்விட்டுச் சொன்னால், 'எப்படி வந்துச்சு?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'டாக்டர்கிட்ட நானும் கூட வரட்டுமா?' என்று கேளுங்கள்.