கார் சாவி மக்கர் செய்தால்...

"பட்டனை அழுத்தினால் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. சாவியை நுழைத்துத் திருப்பித் திறந்தேன். என்ஜின் மட்டும் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. இது என்ன அதிசயம்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இன்னொருவர் எழுதியிருப்பது நேர் எதிர். "கதவு ஜோராகத் திறக்கிறது. என்ஜின்தான் ஒரு விநாடி உறுமிவிட்டு அணைந்து போகிறது. மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடட்டுமா?"

கொஞ்சம் பொறுங்கள், மாற்ற வேண்டாம். இரண்டு கடிதத்துக்கும் விளக்கம் ஒன்றேதான். கையில் இருப்பது ஒரே சாவி போலத் தெரிந்தாலும், அதற்குள் இரண்டு பேர் குடித்தனம் நடத்துகிறார்கள். ஒருவர் கதவுக்காரர், மற்றவர் என்ஜின்காரர். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கதவுக்காரர் ஒரு குட்டி ரேடியோ நிலையம். அவருக்குச் சாப்பாடு, காசு மாதிரி இருக்கும் பட்டன் ஸெல். பெரும்பாலான சாவிகளில் ஸி.ஆர். 2032 என்று போட்டிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். 2025 என்றால் கனம் குறைவு, 1632 என்றால் அகலம் குறைவு. அதனால் கடையில் "ஏதோ ஒரு வட்ட ஸெல் கொடுங்க" என்று கேட்காமல், பழையதில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். பத்தடி தூரத்திலிருந்து திறந்த கார், பக்கத்தில் போய் நின்றால்தான் திறக்கிறது என்றால் ஸெல் தீர்ந்து வருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

என்ஜின்காரருக்குச் சாப்பாடே வேண்டாம்! அவர் அரிசி மணி அளவுள்ள ஒரு சில்லு. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது காற்றின் வழியாகவே கொஞ்சம் மின்சக்தியைக் கொடுத்துச் சில்லை எழுப்புகிறது. சில்லு தன் ரகசிய எண்ணைச் சொல்கிறது. காரில் உள்ள கம்ப்யூட்டர் 'சரி, நம்ம வீட்டு ஆள்தான்' என்று ஒப்புக்கொண்டால்தான் என்ஜின் ஓடும். இந்தக் காவல்காரனுக்குத்தான் இம்மொபிலைஸர் என்று பெயர். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலையிலிருந்தும் புதுக் கார்களில் இது கட்டாயம். நம் ஊர்க் கார்களிலும் இப்போது இது சர்வ சாதாரணம்.

ஆக, முதல் சகோதரிக்கு ஸெல்தான் தீர்ந்திருக்கிறது. புதிதாகப் போட்டும் கதவு திறக்காவிட்டால், ரிமோட்டும் காரும் எண்ணிக்கை தவறிப் போயிருக்கலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரகசிய எண் மாறும். காருக்கு எட்டாத தூரத்தில் நூற்றுக்கணக்கான தடவை அழுத்தியிருந்தால் கார் பின்தங்கிவிடும். பல மாடல்களில் சாவியைப் போட்டு ஆன் நிலைக்குத் திருப்பி, பூட்டும் பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். உங்கள் காருக்கு எந்த முறை என்பது கூடவே வந்த புத்தகத்தில் இருக்கும். (அந்தப் புத்தகத்தை டேஷ் போர்டு அறையிலேயே வைத்திருங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.)

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் வைத்திருப்பவர்களுக்கு 'சாவி ஸெல் தீர்ந்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதானா?' என்ற பயம் உண்டு. வேண்டியதில்லை. ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை நகர்த்தினால் உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவி வரும். டிரைவர் கதவுக் கைப்பிடியில் அதற்கான துவாரம் இருக்கும், சில கார்களில் ஒரு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உள்ளே போய் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பல கார்களில் என்ஜின் கிளம்பிவிடும். சில மாடல்களில் ரிமோட்டை வைக்கத் தனி இடம் உண்டு. அது எங்கே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகத் தேடிப் பார்த்து வைத்துக்கொண்டால் அவசரத்தில் கை நடுங்காது.

இரண்டாவது சகோதரியின் விஷயத்தில் சந்தேகம் காவல்காரன் மேல்தான் போகிறது. சாவியைத் திருப்பியதும் டேஷ் போர்டில் ஒரு கார் படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னுகிறதா, பாருங்கள். மின்னினால் கார் அந்தச் சாவியை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. (பூட்டி நிறுத்தியிருக்கும்போது மெதுவாக மின்னுவது வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.) வளையத்தில் கோத்திருக்கும் மற்ற சாவிகளைக் கழற்றுங்கள். முக்கியமாக இன்னொரு வண்டியின் சாவி கூடவே தொங்கினால் இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பும். சில நிமிஷம் விட்டு மறுபடி போடுங்கள். அப்புறமும் மக்கர் செய்தால் பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவி. அதில் ஓடினால் கோளாறு முதல் சாவியில். இரண்டிலுமே ஓடவில்லை என்றால்தான் ஒர்க் ஷாப்புக்குச் சொல்லியனுப்ப வேண்டும். திருப்பினால் 'டக் டக் டக்' என்று மட்டும் சத்தம், விளக்குகளும் மங்கல் என்றால் சாவியைக் குறை சொல்லாதீர்கள். அது காரின் பெரிய பாட்டரி.

அவருக்கு ஒரு கேள்வி: சமீபத்தில் சாவியின் உடைந்த கூட்டை மாற்றினீர்களா? தெருமுனைக் கடையில் புதுக் கூடு போடும்போது அந்த அரிசி மணிச் சில்லைப் பழைய கூட்டிலேயே விட்டுவிடுவது உண்டு. பழைய கூட்டைத் தூக்கிப் போடாமல் கேட்டு வாங்கி, தட்டிப் பாருங்கள்.

இனி, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு. குழந்தை அழுதால் கார் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். "வேற எதுக்கும் நிறுத்த மாட்டேங்கறான் மாமி, இதுதான் அவனுக்குக் கிலுகிலுப்பை" என்று எதிர்வீட்டுப் பெண் என்னிடமே சொன்னாள். எச்சில் உள்ளே இறங்கி ரிமோட் கெடுவதாவது பணத்தோடு போகும். வேறு இரண்டு ஆபத்துகள் அப்படியல்ல.

ஒன்று, குழந்தையைப் பின் ஸீட்டில் உட்கார வைத்து, சாவியையும் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறீர்கள். அது பட்டனை அழுத்த, நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இராது. இரண்டாவது சாவி கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். 112க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, குழந்தைக்கு மிகத் தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியை மூலையில் ஓங்கித் தட்டி உடையுங்கள். முன் கண்ணாடி சுலபத்தில் உடையாது. பக்கக் கண்ணாடி பொடிப்பொடியாக உதிரும்.

இன்னொன்று அந்தப் பட்டன் ஸெல். கீழே விழுந்து கூடு திறந்துகொண்டால் ஸெல் நேரே வாய்க்குத்தான் போகும். உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்துபோன ஸெல்லுக்கும் இந்தச் சக்தி உண்டு. ஜொள்ளு வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல், கரகரத்த குரல் என்று அறிகுறி தெரியலாம். எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாதம், பால், தண்ணீர் எதுவும் தராதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன், மொத்தம் ஆறு தடவை வரை கொடுக்கலாம் என்கிறார்கள் விஷ சிகிச்சை நிபுணர்கள். தேன் புண்ணைக் கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர, வைத்தியம் ஆகாது. தேன் தேடுவதற்காகத் தாமதிக்க வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

ஸெல் மாற்றும்போது குழந்தை தூங்கட்டும். பழையதை இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

"டூப்ளிகேட் சாவி வெட்டி வைத்துக்கொள்ளலாமா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். வெறும் இரும்புச் சாவி கதவைத் திறக்கும், என்ஜினைத் திறக்காது. சில்லுள்ள சாவியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிந்தாக வேண்டும். ஒரு சாவி தொலைந்தால் உடனே இன்னொன்றைப் பதியச் சொல்லி, தொலைந்ததின் எண்ணை அழித்தும் விடச் சொல்லுங்கள். கையில் ஒன்றாவது இருக்கும்போது செய்தால் செலவு குறைவு. இரண்டும் போய்விட்டால் பர்ஸ் நன்றாகவே இளைக்கும். கார் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் காட்டச் சொல்வது வழக்கம். பழைய கார் வாங்கும்போதும் இரண்டையும் கேட்டு வாங்கி, இரண்டிலும் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டே மீதிப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.