இடம் கொடுத்தோம், ஆள் கொடுத்தோமா?

விசேட தேவையுடைய பிள்ளையைச் சாதாரண பாடசாலையில் சேர்ப்பதற்கு இந்நாட்டில் சட்டத் தடை ஏதுமில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடைசெய்கிறது. சாதாரண பாடசாலை எல்லாப் பிள்ளைகளையும் ஏற்க வேண்டுமென, 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் பிரகடனஞ் செய்தனர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஏட்டில் குறையில்லை.

குறை வகுப்பறையில் இருக்கிறது. சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் தரம் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரே ஆசிரியை. அவர்களுள் ஓட்டிசமுடைய ஒரு பிள்ளை எழுந்து ஓடினால், ஆசிரியை அதன் பின்னால் ஓடுவதா, ஏனையோருக்கு எழுத்துக் கற்பிப்பதா? இறுதியில் கண்டுபிடிக்கப்படும் தீர்வு ஒன்றுதான்: "உம்மாவும் வந்து பக்கத்தில இருங்க."

அந்தத் தாய் சம்பளமில்லாத ஊழியராகிறார். வீட்டிலிருந்து தைத்தோ சமைத்து விற்றோ ஈட்டிய வருமானம் நின்றுபோகிறது. அவர் வர முடியாத நாளில் பிள்ளையும் வருவதில்லை. சில மாதங்களில் வரவு குறைகிறது. பின்னர் பெயர் இடாப்பில் மட்டுமே எஞ்சுகிறது. இதற்கு ஆசிரியையைக் குறைகூறுவது அநீதி. மாணவர் தலைகளை எண்ணி ஆசிரியர் ஆளணியைக் கணிக்கும் முறையில், ஒரு தலைக்குக் கூடுதல் கை தேவைப்படலாம் என்பதற்கு இடமில்லை.

விசேட கல்வி அலகுகள் இருக்கின்றனவே என்பர். அவை தேவையானவையே. ஆயினும் அலகு சில பாடசாலைகளில்தான் உண்டு. பிள்ளைகளோ எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர்.

வெறுமனே ஓர் உதவியாளரை அமர்த்துவதும் போதாது. இங்கிலாந்தில் 2003 முதல் 2009 வரை நடந்த விரிவான ஆய்வொன்று, உதவியாளரின் துணை அதிகம் பெற்ற பிள்ளைகள் பாடங்களில் குறைவாகவே முன்னேறியதைக் கண்டது. உதவியாளருக்குப் பயிற்சியும், ஆசிரியருடன் கூடித் திட்டமிட நேரமும் இல்லாமற்போனதும், பிள்ளை ஆசிரியரிடமிருந்து விலகி அவரிடமே ஒப்படைக்கப்பட்டதும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. நாம் அந்தத் தவறிலிருந்தே தொடங்க வேண்டியதில்லை.

நம்மிடம் ஆட்பலம் இல்லாமலில்லை. அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நியமனம் பெற்ற பட்டதாரிகள் பலர் பாடசாலைகளில் இணைக்கப்பட்டு, ஆசிரியர் சேவையில் உள்வாங்குமாறு கோரி வந்திருக்கின்றனர். அவர்களுள் விருப்பமுள்ளோருக்கு முறையான பயிற்சியளித்து, "வகுப்பறை உதவி ஆசிரியர்" என ஒரு பதவியை ஆளணியில் ஏற்படுத்தலாம். மாகாணக் கல்வித் திணைக்களம் கல்முனை வலயத்திலேயே இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

ஊருக்கும் பொறுப்புண்டு. பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் கட்டுகின்றன. புலமைப்பரிசிலில் சித்தியடைந்தோருக்குப் பதாகை தொங்கவிடுகின்றன. ஓர் உதவியாளருக்கு ஓராண்டு கொடுப்பனவு வழங்கினால் கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாதுதான். ஆனால் ஒரு பிள்ளை வகுப்பில் இருக்கும். ஒரு தாய் தன் தொழிலுக்குத் திரும்புவார்.

வெட்டுப்புள்ளியைக் கேட்டே பாடசாலையை மதிப்பிடப் பழகிவிட்டோம். இடாப்பில் பெயரிருந்தும் வகுப்பில் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று அதிபர்களிடம் இனியேனும் கேட்போம்.